வட்டுலகப் புதினங்களில் மறைநகை – ஓர் ஆய்வு

முன்னுரை

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து நகையை முதற்கண் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் அந்நகை தோன்றுவதற்குரிய நிலைக்களன்கள் என்றும் வகுத்தார். அந்நான்கினுள் எதன்கண் தோன்றினும், நகை வெளிப்படும் முறை இருவகைப்படும். கேட்ட அளவிலேயே சிரிப்பை எழுப்புவது ஒன்று. பக்கத்தினுள் விதைபோல் மறைந்து கிடந்து, உரிய அறிவு படைத்த வாசகன் வரும்வரை காத்திருப்பது மற்றொன்று. பின்னதை இக்கட்டுரை 'மறைநகை' எனக் குறிக்கிறது.

மறைநகையைத் தம் படைப்பின் உயிர்நாடியாகவே கொண்டவர் ஆங்கிலப் புதின ஆசிரியர் டெர்ரி பிராட்செட். அவருடைய 'டிஸ்க்வேர்ல்டு' என்னும் நகைச்சுவை மாயக்கதை வரிசையைத் தமிழில் 'வட்டுலகம்' எனலாம். அவ்வரிசையில் மறைந்து கிடக்கும் சிலேடைகளையும் குறிப்புகளையும் தேடிக் கண்டெடுப்பதையே அதன் ஆர்வலர்கள் ஓர் இன்பமாகக் கொண்டனர். மறைநகை எவ்வாறு அமைகிறது, அதனைக் கண்டெடுக்க வாசகனிடம் இருக்க வேண்டியது யாது, அந்நகை யாரை நோக்கிச் சிரிக்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

ஆசிரியரும் நூல்வரிசையும்

பிராட்செட் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பீக்கன்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். 1965இல், தம் 17ஆம் வயதில், பள்ளிப் படிப்பை விட்டுச் செய்தித்தாள் பணியில் சேர்ந்தார். பல்கலைக்கழகக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. தம் ஊர்ப் பொது நூலகமே தமக்குக் கல்வி அளித்தது என்று அவர் பலமுறை கூறியுள்ளார். வட்டுலக வரிசையின் முதல் நூலான 'தி கலர் ஆஃப் மேஜிக்' 1983இல் வெளிவந்தது. 41ஆம் நூலான 'தி ஷெப்பர்ட்ஸ் கிரௌன்' அவர் மறைந்த பின்னர் 2015இல் வெளிவந்தது. 2009இல் அவருக்கு 'சர்' பட்டம் வழங்கப்பெற்றது. மறதிநோயின் அரிய வகையொன்றால் தாம் தாக்குண்டதை 2007இல் உலகறியச் செய்த அவர், அதன் பின்னரும் எழுதுவதை நிறுத்தவில்லை. 2015ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இவ்வுலகின் அமைப்பே ஒரு மறைகுறிப்பாகும். தட்டையான வட்டு ஒன்றை நான்கு யானைகள் முதுகில் தாங்க, அந்த யானைகளைப் பேராமை ஒன்று தாங்கியவாறு விண்வெளியில் நீந்திச் செல்கிறது. எண்திசை யானைகளையும் உலகு தாங்கும் ஆமையையும் பழங்கதைகளில் கேட்டு வளர்ந்த நமக்கு இப்படம் புதிதன்று. இந்தியர்கள் உலகை யானை தாங்குவதாகவும் யானையை ஆமை தாங்குவதாகவும் கருதினர் என்னும் செய்தி ஐரோப்பியரிடையே நெடுங்காலமாக வழங்கி வந்தது. ஆங்கில மெய்யியலார் ஜான் லாக் 1690இல் வெளிவந்த தம் நூலில் இதனை எடுத்துக்காட்டாக ஆண்டார். ஆமையை எது தாங்குகிறது என்று வினவினால் விடை கிடைக்காது என்பதே அவர் காட்ட விழைந்த கருத்து. பிராட்செட் அவ்வினாவுக்கு எளிய விடை கண்டார்: ஆமையை எதுவும் தாங்க வேண்டுவதில்லை, அது நீந்துகிறது.

சொல்லில் மறைந்த நகை

மறைநகையின் முதல் வகை சொல்லின்கண் அமைவது. முதல் நூலில், தொலைதேசத்திலிருந்து வரும் சுற்றுலாப் பயணி ஒருவன் தன் நாட்டுச் சொல் ஒன்றைக் கூறுகிறான். அதனை மொழிபெயர்க்க முயலும் கதைத்தலைவன், நிலத்தடி ஆவிகளிடமிருந்து மீண்டு வரும் ஒலி என்று பொருள்படும் ஒரு தொடரைத் தட்டுத்தடுமாறிக் கூறுகிறான். மேலோட்டமாகப் படிப்பவர் இதனைப் பொருளற்ற பிதற்றல் என்றே கடந்து செல்வர். சிறிது நின்று எண்ணினால் உண்மை புலனாகும். மீண்டு வரும் ஒலிக்கு ஆங்கிலத்தில் 'எக்கோ' என்று பெயர். நிலத்தடியில் வாழும் குள்ள ஆவிக்கு 'நோம்' என்று பெயர். இரண்டையும் இணைத்தால் பொருளாதாரத்தைக் குறிக்கும் 'எக்கனாமிக்ஸ்' என்னும் சொல்லின் ஓசை பிறக்கிறது. அப்பயணியே விடுதிக்காரன் ஒருவனுக்குத் தீக்காப்பீடு என்பதையும் விளக்குகிறான். கட்டடம் எரிந்தால் பணம் கிடைக்கும் என்று அறிந்த விடுதிக்காரன் தானே தீ வைக்கிறான், நகரமே எரிகிறது. சொல் விளையாட்டு மறைவாக இருக்க, அதன் விளைவு வெளிப்படையாகக் கதையை நடத்திச் செல்வது ஈண்டு நோக்கத்தக்கது.

'பிரமிட்ஸ்' (1989) என்னும் நூலில் பண்டை எகிப்தை ஒத்த நாடு ஒன்று வருகிறது. ஜெல் என்னும் ஆற்றின் குழந்தை என்னும் பொருளில் அதற்கு 'ஜெலிபேபி' என்று பெயர். நைல் நதி எகிப்துக்குத் தாய் போன்றது என்னும் வரலாற்றுச் செய்தியோடு இப்பெயர் பொருந்துகிறது. ஆயின் ஆங்கிலேயச் சிறுவர் யாவரும் அறிந்த, குழந்தை வடிவில் அமைந்த மெல்லிய இனிப்புப் பண்டத்தின் பெயரும் அதுவே. இந்த இனிப்பை அறியாத அமெரிக்க வாசகர் பலருக்கு இந்நகை எட்டவில்லை. அவர்கள்பொருட்டு ஆசிரியர் பின்னர் 'ஹெர்ஷெபா' என்று மற்றொரு நாட்டைப் படைத்தார். அமெரிக்காவில் புகழ்பெற்ற ஹெர்ஷி சாக்லேட்டுக் கட்டியின் பெயர் அதனுள் ஒலிக்கிறது. ஒரு நாட்டு மக்களுக்கு உடனே விளங்கும் நகை மற்றொரு நாட்டு மக்களுக்கு வெறும் ஊர்ப்பெயராக நின்றுவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

'சோல் மியூசிக்' (1994) என்னும் நூலின் தலைவன் ஓர் இளம் இசைஞன். அவன் பெயர் 'இம்ப் அ கெலின்'. வேல்ஸ் மொழியில் 'இம்ப்' என்பது தளிர் அல்லது மொட்டையும், 'கெலின்' என்பது 'ஹாலி' என்னும் முட்செடியையும் குறிக்கும். மொட்டுக்கு ஆங்கிலத்தில் 'பட்' என்று பெயர். எனவே இப்பெயர் 1959ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் விமான விபத்தில் இளவயதிலேயே மறைந்த அமெரிக்க இசைஞர் பட்டி ஹாலியின் பெயராக மலர்கிறது. இசைக்காகத் தன் வாழ்நாளையே விலையாகக் கொடுக்க நேரும் இளைஞனின் கதையே அப்புதினம். பெயரின் மறைபொருளை அறிந்தவுடன் சிரிப்பு எழுகிறது. மறுகணமே அவ்விளைஞனுக்கு நேரவிருப்பதை எண்ணி உள்ளம் கனக்கிறது. பிராட்செட்டின் சிறந்த மறைநகைகள் இவ்வாறு சிரிப்போடு நின்றுவிடுவதில்லை.

இலக்கியத்திலும் வரலாற்றிலும் மறைந்த நகை

இரண்டாம் வகை நகைக்குச் சொல்லறிவு மட்டும் போதாது, நூலறிவும் வேண்டும். 'வியர்டு சிஸ்டர்ஸ்' (1988) ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தைத் தலைகீழாக்கிய கதை. இடிமின்னலின் நடுவே சூனியக்காரி ஒருத்தி, நாம் மூவரும் மீண்டும் எப்போது கூடுவோம் என்று அச்சுறுத்தும் குரலில் வினவுகிறாள். மற்றொருத்தி வரும் செவ்வாய்க்கிழமை தனக்கு ஓய்வுண்டு என்று இயல்பாக விடையிறுக்கிறாள். ஷேக்ஸ்பியரைப் படித்தவருக்கு இஃது இருமடங்கு இன்பம். படியாதவருக்கும் அக்குரலின் மாற்றமே சிரிப்பூட்டும்.

'ஸ்மால் காட்ஸ்' (1992) வரலாற்றை மறிநிலையில் காட்டுகிறது. சமயத்தின் பெயரால் அதிகாரம் செலுத்தும் ஒரு கூட்டம் உலகம் உருண்டை என்று கட்டளையிடுகிறது. உலகம் தட்டையானது, ஆமையின்மேல் செல்வது என்று கூறுவோரை அது துன்புறுத்துகிறது. அவர்களோ ஆமை நகர்கிறது என்பதையே தம் மறைமொழியாகக் கொள்கின்றனர். 1633இல் விசாரணைக்கு உள்ளான கலிலியோ, ஆயினும் பூமி அசைகிறது என்று மெல்ல மொழிந்ததாக வழங்கும் கதையை அறிந்தவரே இதன் முழுச்சுவையை உணர்வர். வட்டுலகத்தில் உலகம் உண்மையிலேயே தட்டையானது. ஆதலின் உண்மை எதுவோ அதனை அச்சத்தால் மறைக்கலாகாது என்பதே நூலின் கருத்தாகிறது. மெய்யான நம்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் அதிகாரத்தின் அச்சம் வந்து அமர்ந்துகொள்வதையே ஆசிரியர் கடிகிறார்.

வட்டுலகத்தின் மந்திரக் கல்விக்கூடத்திற்குக் 'காணாப் பல்கலைக்கழகம்' என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பாயில் முதலிய அறிஞர்களின் கூட்டத்தைக் குறிக்க வழங்கிய 'கட்புலனாகாக் கல்லூரி' என்னும் பெயரை இது நினைவூட்டுகிறது. 1660இல் அமைந்த இலண்டன் ராயல் கழகத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக அக்கூட்டம் கருதப்படுகிறது. அப்பல்கலைக்கழக நூலகர் ஓர் ஒராங்உட்டான் குரங்கு. மந்திர விபத்தால் குரங்கான அவர், உயரமான அடுக்குகளிலிருந்து நூல் எடுக்க இவ்வுடலே வசதி என்று மனித வடிவுக்குத் திரும்ப மறுத்துவிட்டார். 'மூவிங் பிக்சர்ஸ்' (1990) நூலில் பேருருவம் கொண்ட பெண்ணொருத்தி இந்தக் குரங்கைக் கையிற் பற்றிக்கொண்டு கோபுரத்தில் ஏறுகிறாள். 1933இல் வெளிவந்த 'கிங் காங்' திரைப்படத்தைக் கண்டவர், அங்குப் பெண்ணைப் பற்றி ஏறியது குரங்கு என்பதை நினைந்து நகைப்பர்.

அரபுலகச் சாயலும் மறைநகையும்

இதுகாறும் கண்ட குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கில வாசகருக்கு அண்மையானவை. வட்டுலகத்தில் 'கிளாட்ச்' என்று ஒரு நிலப்பகுதி உண்டு. அரபு, பாரசீக, வட ஆப்பிரிக்க நாடுகளின் சாயலில் அமைந்தது அது. அப்பகுதியின் மறைநகைகளைத் திறக்கும் திறவுகோல்கள் சில, ஆங்கில வாசகரைக் காட்டினும் நம் கையில் எளிதில் அகப்படுவன என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

கிளாட்ச்சின் பெருநகருக்கு 'அல் காலி' என்று பெயர். மக்கள் நெருக்கமும் வணிக இரைச்சலும் மிக்க ஊர் அது. அரபுத் தீபகற்பத்தின் தென்பகுதியில் பரந்து கிடக்கும் மாபெரும் மணற்பாலைக்கு 'ருபுஉல் காலி' என்று பெயர். வெறுமையான காற்பகுதி என்பது அதன் பொருள். ஆங்கிலேய வாசகர் நிலப்படத்தையும் அகராதியையும் புரட்டிய பின்னரே இந்நகையைக் கண்டனர். தமிழ் வாசகனுக்கோ அந்த உழைப்பும் வேண்டா. அரபியிலிருந்து உருது வழியே வந்து, 'காலிப் பாத்திரம்', 'காலி மனை' என நம் அன்றாட வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லே அது. நிரம்பி வழியும் நகரத்திற்குக் 'காலி' என்று பெயரிட்ட குறும்பு நம் காதுக்கு உடனே எட்டுகிறது.

அந்நகரம் முதன்மையாக இடம்பெறும் 'சோர்சரி' (1988) நூலில் அதன் மன்னனுக்குக் 'கிரியோசோட்' என்று பெயர். செல்வத்திற்குப் பெயர்போன லிடிய நாட்டு மன்னன் குரோசஸின் பெயர், மரத்திற்குப் பூசும் கரியநெய் ஒன்றின் பெயரோடு அதில் கலந்துள்ளது. கவிதைப் பித்துக்கொண்ட அம்மன்னன் உமர் கய்யாமின் பாணியில் பாட முயன்று தோற்கிறான். பிட்ஸ்ஜெரால்டின் 1859ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பை அறிந்தோர் இப்பகடியைக் கண்டுகொண்டனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தமிழாக்கத்தைப் பயின்ற நம் மாணவரும் அதன் சாயலை உணர இயலும்.

எனினும் ஒன்றைக் கூறாது விடலாகாது. 'சோர்சரி' காட்டும் கிளாட்ச், ஆயிரத்தோர் இரவுக் கதைகளின் மேலைநாட்டு நாடகமேடைத் தோற்றமே. சோம்பேறி மன்னன், அந்தப்புரம், சதிகார அமைச்சன், பாம்புக்குழி எனப் பழகிப்போன படிமங்கள் அங்கு மலிந்துள்ளன. ஆசிரியர் அப்படிமங்களைக் கேலி செய்கிறார் எனலாம். ஆயினும் அவற்றுக்கு அப்பால் உள்ள மனிதரை அவர் இன்னும் காணவில்லை. அங்கு எழும் நகை எள்ளலோடு அமைந்துவிடுகிறது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து வெளிவந்த 'ஜிங்கோ' (1997) இக்குறையை நிறைவு செய்கிறது. நூற்பெயரே ஒரு மறைகுறிப்பு. ரஷ்ய–துருக்கிப் போரையொட்டி 1878இல் இலண்டன் கேளிக்கை அரங்குகளில் ஒலித்த போர்வெறிப் பாடல் ஒன்றிலிருந்து வந்த சொல் அது. போர்வெறியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. கதையில், அங்க்-மோர்போர்க் நகரத்திற்கும் கிளாட்ச்சுக்கும் இடைப்பட்ட கடலில் திடீரென ஒரு தீவு எழுகிறது. இரு நாடுகளும் அதற்கு உரிமை கொண்டாடிப் போருக்கு எழுகின்றன. இறுதியில் தீவு மீண்டும் கடலில் மூழ்கிவிடுகிறது. கற்பனையின் உச்சம் போல் தோன்றும் இந்நிகழ்ச்சிக்கு வரலாற்றில் இணையுண்டு. 1831ஆம் ஆண்டு சிசிலிக்குத் தெற்கே கடலடி எரிமலையால் ஒரு தீவு எழுந்தது. ஆங்கிலேயர் கிரஹாம் என்றும், இரு சிசிலிகளின் அரசினர் ஃபெர்டினாண்டியா என்றும், பிரெஞ்சுக்காரர் ஜூலியா என்றும் அதற்குப் பெயர் சூட்டினர். பூசல் தீருமுன்னரே, சில திங்களில், தீவை அலை அரித்துக் கரைத்துவிட்டது.

இந்நூலின் சிறந்த பாத்திரம் '71 மணி அகமது'. கிளாட்ச் நாட்டு இளவரசரின் மெய்க்காவலனாக அவன் அங்க்-மோர்போர்க்குக்கு வருகிறான். பெரிய வளைவாளும் முரட்டுத் தோற்றமும் கொச்சைப் பேச்சும் உடைய அவனைக் கண்டவுடன் நகர மக்கள் காட்டுமிராண்டி என்று முடிவு கட்டுகின்றனர். உண்மையில் அவன் அந்நகரத்திலேயே உயர்கல்வி பெற்றவன். தன் நாட்டில் சட்டத்தைக் காக்கும் காவல் அதிகாரி. எதிரிகள் தன்னை அறிவிலி என்று எண்ணுவது தன் பணிக்கு உதவும் என்றே அவ்வேடம் பூண்டவன். கதைமாந்தரோடு சேர்ந்து அவன் கொச்சைப் பேச்சைக் கேட்டுச் சிரித்த வாசகன், அவன் வேடம் கலைந்ததும் தன்னைப் பார்த்தே நகைத்துக்கொள்ள நேர்கிறது. எள்ளலாகத் தொடங்கிய நகை எள்ளியவனின் பேதைமையைக் காட்டி முடிகிறது.

அவன் பெயரில் உள்ள 71 மணிக்கு வருவோம். பாலை மக்களிடையே, தம் கூடாரத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விருந்தினன் மூன்று நாள்வரை தீங்கின்றிக் காக்கப்படுவான் என்பது மீறலாகா மரபு. மூன்று நாள் என்பது 72 மணி. கிணற்றில் நஞ்சிட்டுப் பலரைக் கொன்ற கொடியவன் ஒருவனை, அக்காலம் நிறைவுற ஒரு மணி இருக்கும்போதே அகமது கொன்றுவிட்டான். அந்த ஒரு மணிநேரமே அவனுக்கு ஆயுட்காலப் பெயராயிற்று. விருந்தோம்பல் மூன்று நாளுக்குரியது, அதற்கு மேற்பட்டது தருமமாகும் என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதைப் புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. நம் இல்லங்களில் இதனைக் கேட்டு வளர்ந்த மாணவன் '71 மணி' என்னும் பெயரைக் கண்டவுடன் நிமிர்ந்து அமர்வான். பிறருக்கு அது விந்தையான எண். அவனுக்கோ மீறப்பட்ட ஓர் அறம். கொல்லப்பட்டவன் கொடியவன் என்பதை அனைவரும் அறிவர். ஆயினும் அகமதின் சொந்த மக்களே அவனை அச்சத்தோடு நோக்குகின்றனர். ஒரு மணிநேரத்தைக்கூட மன்னிக்காத அளவுக்கு அம்மரபு ஆழமானது என்பதை ஆசிரியர் ஓர் எண்ணுக்குள் அடக்கிவிட்டார். இந்நகை விருந்தோம்பும் மரபை இழிவுசெய்யவில்லை. அதன் எடையை நிறுத்துக் காட்டுகிறது.

இந்நூலில் இன்னும் நுட்பமான திருப்பம் ஒன்றுண்டு. இளவரசர் தாக்கப்பட்டவுடன், கிளாட்ச்சியரே குற்றவாளிகள் என்று காட்டும் தடயங்கள் கிடைக்கின்றன. அவை மிகைப்படத் தெளிவாக இருப்பதால், யாரோ கிளாட்ச்சியர்மீது வீண்பழி சுமத்துகின்றனர் என்று நகரக் காவல்தலைவர் வைம்ஸ் முடிவுசெய்கிறார். அயலார்மீது வெறுப்பற்ற நல்லவர் அவர். ஆனால் உண்மைக் குற்றவாளி இளவரசரின் சொந்தத் தமையனே என்பது பின்னர்த் தெரிகிறது. அயலார் எல்லாரும் தீயவர் என்று கருதுவது தவறு. அவர்களுள் தீயவரே இருக்க இயலாது என்று கருதுவதும் அவர்களை முழுமனிதராக மதியாமையே என்னும் உண்மையை நூல் உணர்த்துகிறது. புகழுரையாலும் ஒரு சமுதாயத்தைத் தொலைவில் நிறுத்திவிட இயலும் என்பதை நாம் அனைவரும் எண்ணிப் பார்த்தல் தகும்.

வாசகர் உரையாசிரியராதல்

இத்தகைய மறைநகைகளைத் தனியொருவரால் கண்டுவிட இயலாது. வேல்ஸ் மொழி அறிந்தவர் ஒன்றைக் கூறினார். இசை அறிந்தவர் மற்றொன்றைக் கூறினார். இயற்பியல் பயின்றவர், நாட்டார் வழக்காறு அறிந்தவர், பழைய திரைப்படங்களில் தோய்ந்தவர் ஆகியோர் தத்தம் பங்கை அளித்தனர். 1990களில் இக்கண்டுபிடிப்புகள் நூல்வாரியாகத் தொகுக்கப்பெற்று ஒரு பெருங்குறிப்புரையாக வளர்ந்தன. ஆசிரியர் வாழ்ந்த காலத்திலேயே உரை எழுந்தமையின், உரைகாரர் ஐயங்களுக்கு அவரே விடையிறுக்கும் அரிய வாய்ப்பும் அமைந்தது. சிலவற்றை அவர் ஒப்பினார். சிலவற்றைத் தாம் எண்ணவேயில்லை என்று மறுத்தார்.

மிகைப்பொருள் காணும் இடர் உரைகாரர் எவரையும் விட்டதில்லை. சொற்களை இடம்பெயர்த்துக் கூட்டி வலிந்து பொருள் கொண்டார் என்னும் குறை உச்சிமேற் புலவர் நச்சினார்க்கினியருக்கே கூறப்பட்டதன்றோ! ஆயினும் ஆசிரியரின் மறுப்பே இறுதித் தீர்ப்பு என்று கொள்வதற்கும் இல்லை. முதல் நூலின் தலைவனான தோல்வியுற்ற மந்திரவாதிக்கு 'ரின்ஸ்விண்ட்' என்று பெயர். அப்பெயரைத் தாமே படைத்ததாகப் பிராட்செட் எண்ணியிருந்தார். பின்னர் எழுத்தாளர் டேவிட் லாங்ஃபோர்டு அதன் மூலத்தைச் சுட்டிக்காட்டினார். 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் 'பீச்கோம்பர்' என்னும் புனைபெயரில் ஜே. பி. மார்ட்டன் எழுதிவந்த நகைச்சுவைப் பத்தியில் 'சர்ம் ரின்ஸ்விண்ட்' என்றொரு பாத்திரம் உண்டு. சிறுவயதில் அப்பத்தியின் தொகுப்புகளைப் படித்த பிராட்செட்டின் உள்ளத்தில் பெயர் தங்கிவிட்டது. படித்ததை மட்டும் அவர் மறந்துவிட்டார். தாம் எழுதியதன் மூலத்தை ஆசிரியரே பிறர் வாயிலாக அறிய நேர்ந்தது. ஆழப் படித்தது அழிவதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

ஆசிரியர் வாசகரிடம் கேட்டறிந்ததும் உண்டு. 1997இல் ஒரு புத்தகக் கடையில் நூல்களில் கையொப்பமிட்டுக் கொண்டிருந்தபோது, மேக்பை என்னும் பறவையை எண்ணிச் சகுனம் பார்க்கும் நாட்டுப்பாடல் எத்தனை வகையில் தெரியும் என்று வரிசையில் நின்றவர்களை வினவினார். ஓர் அம்மையார் ஏறத்தாழ 19 வகைகள் தெரியும் என்றார். அவர் நாட்டார் வழக்காற்று அறிஞர் ஜாக்குலின் சிம்ப்சன். அச்சந்திப்பின் பயனாக இருவரும் இணைந்து எழுதிய 'தி ஃபோக்லோர் ஆஃப் டிஸ்க்வேர்ல்டு' 2008இல் வெளிவந்தது.

கதவடைக்கா நகை

மறைகுறிப்புகள் நிறைந்த நூல்கள் கற்றோர்க்கு மட்டும் உரியனவாகிக் கல்லாரை வாயிலில் நிறுத்திவிடுவதுண்டு. வட்டுலகம் அவ்வாறு செய்யவில்லை. மேக்பெத்தை அறியாத சிறுவனும் 'வியர்டு சிஸ்டர்ஸ்' கதையைச் சிரித்துப் படிக்கலாம். சிசிலித் தீவை அறியாதவரும் 'ஜிங்கோ' நூலின் கருத்தைத் தவறவிடார். கதை தன் காலிலேயே நிற்கிறது. மறைநகையோ மீண்டும் வருபவனுக்கு வைத்த பரிசில் போன்றது. 15 வயதில் ஒருமுறை படித்தவன் 30 வயதில் மீளப் படிக்கும்போது நூல் மாறியிருப்பதாகக் காண்கிறான். மாறியது நூலன்று, அவன் கற்ற கல்வியே.

முடிவுரை

மறைநகை சொல்லிலும் நூற்குறிப்பிலும் வரலாற்றிலும் அமைகிறது. அதனைக் கண்டெடுக்க வாசகன் பிறர் மரபை அறிதல் வேண்டும். அவ்வாறே தன் மரபையும் அறிந்திருத்தல் வேண்டும். 'காலி' என்னும் சொல்லும் மூன்று நாள் விருந்தும் காட்டியது போல, இங்கிலாந்தில் எழுதப்பெற்ற நூலின் பூட்டுக்குரிய திறவுகோல் சிலவேளை நம் வீட்டு மாடத்திலேயே இருக்கலாம். தன் வீட்டை அறியாதவன் அதனை எடுக்க இயலாது. நகை எவரை நோக்கிச் சிரிக்கிறது என்று வினவும் பழக்கமும் மாணவர்க்கு வேண்டும். 'சோர்சரி' முதல் 'ஜிங்கோ' வரை ஆசிரியர் ஒருவரே அவ்வினாவில் வளர்ந்ததைக் கண்டோம்.

'கோயிங் போஸ்டல்' (2004) என்னும் நூலில், கோபுரங்களின் உச்சியிலிருந்து ஒளிக்குறியால் செய்தி அனுப்பும் அமைப்பு ஒன்று வருகிறது. அப்பணியில் உயிர்நீத்தவரின் பெயரை மூன்றெழுத்துக் குறியோடு அவர்கள் அனுப்புகின்றனர். செய்தியை அடுத்த கோபுரத்திற்குச் செலுத்துக, பதிவேட்டில் எழுதற்க, கடைக்கோடி சென்றதும் திருப்பி அனுப்புக என்பது அக்குறியின் பொருள். இவ்வாறு அப்பெயர் ஓயாது சென்று வந்துகொண்டிருக்கும். பெயர் வழங்கும்வரை அம்மனிதர் மறைந்தவராகார் என்பது அவர்கள் நம்பிக்கை. 'ஜி', 'என்', 'யு' என்னும் அம்மூன்றெழுத்தும் 1983இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத் திட்டமொன்றின் பெயராக அமைந்தது மற்றுமொரு மறைநகை.

2015இல் பிராட்செட் மறைந்தபோது, கணினி அறிந்த வாசகர் பலர் தம் வலைத்தளங்கள் அனுப்பும் தரவின் தலைப்பகுதியில், படிப்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில், அம்மூன்றெழுத்தோடு அவர் பெயரைச் சேர்த்து வைத்தனர். தம் நூல்களில் ஆயிரமாயிரம் குறிப்புகளை மறைத்து வைத்தவரின் பெயரை, அவற்றைத் தேடிக் கண்டெடுத்தவர்களே இப்போது மறைத்து வைத்தனர். தேடத் தெரிந்தவர் இன்றும் அப்பெயரைக் கண்டெடுக்கலாம்.